அம்ரித் பாரத் எக்ஸ்பிரஸ்: ஏசி இல்லாத நெடுந்தொலைவு ரயிலின் அறிமுகம் குறித்த நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 30 அன்று அயோத்தி தாம் ரயில் நிலையத்தில் பிரதமர் நரேந்திர மோடி ஒரே நாளில் எட்டு ரயில்களைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அவற்றுள் ஆறு வந்தே பாரத் வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் பங்குக்கு வந்த கோவை–பெங்களூரு கண்டோன்மென்ட் ரயிலும் அந்த ஆறில் ஒன்று. எஞ்சிய இரண்டும் அதுவரை இல்லாத புதிய வகை: பீகாரின் தர்பங்காவிலிருந்து அயோத்தி வழியாக டெல்லி ஆனந்த் விஹார் செல்லும் ஒன்றும், மேற்கு வங்கத்தின் மால்டா டவுனிலிருந்து பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா முனையம் வரை ஓடும் மற்றொன்றும் ‘அம்ரித் பாரத் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் பெற்றன. உருவாக்கத்தில் இருந்த காலத்தில் ‘வந்தே சாதாரண்’ என்ற பெயரில் அடிபட்ட இந்த ரயிலை வடிவமைத்துக் கட்டியது சென்னை பெரம்பூரில் உள்ள ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை. இது முழுக்க முழுக்க ஏசி இல்லாத ரயில்.

எளிய மக்களுக்கான குறைந்த செலவு ரயில் என்று அறிமுகமான இந்தச் சேவையின் கட்டணம், அதே தடத்தில் ஓடும் சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் கட்டணத்தைவிட ஏறத்தாழ 15 முதல் 17 சதவீதம் கூடுதலாகவே நிர்ணயிக்கப்பட்டது. அறிமுகத்தின்போது சாதாரண எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பில் 50 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு 30 ரூபாய் என்றால், அம்ரித் பாரத்தில் 35 ரூபாய். சலுகைக் கட்டண டிக்கெட்டுகளும் இதில் செல்லாது என்று ரயில்வே வாரியம் அறிவித்தது. ஆகவே இந்த ரயிலை மதிப்பிட முற்படுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் மலிவு எங்கே இருக்கிறது, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான். மலிவு டிக்கெட்டில் இல்லை; ரயிலைக் கட்டிய முறையில் இருக்கிறது, அதன் பலன் பயணிக்குக் கூடுதல் இருக்கைகளாக மட்டுமே வந்து சேருகிறது என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

பின்னணி

இந்தியாவில் நெடுந்தொலைவு ரயில் கட்டணம் அடக்க விலையை ஈடு செய்வதில்லை. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டுமே ரயில்வே வசூலிக்கிறது என்ற வாசகம் சில ஆண்டுகள் டிக்கெட்டிலேயே அச்சாகி வந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். அண்மைக் காலத்தில் இதையே, 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம் என்று அமைச்சர்கள் சொல்லி வருகிறார்கள். இந்த இழப்பு எல்லா வகுப்புகளிலும் ஒரே அளவில் இல்லை. மூன்றடுக்கு ஏசி வகுப்பு லாபம் தருவதாகவும், படுக்கை வகுப்பும் பொது வகுப்பும் பெரும் இழப்பில் ஓடுவதாகவும் தணிக்கை அறிக்கைகள் பல ஆண்டுகளாகக் கூறி வந்தன. இப்படிப்பட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் எந்த நிர்வாகமும் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 2021-இல் மூன்றடுக்கு ஏசி எகானமி பெட்டிகள் வந்த பிறகு, பல ரயில்களில் படுக்கை வகுப்புப் பெட்டிகள் கழற்றப்பட்டு அவற்றின் இடத்தில் ஏசி பெட்டிகள் சேர்க்கப்பட்டன. முன்பதிவு செய்த படுக்கை வகுப்புப் பெட்டிக்குள் பொது டிக்கெட்காரர்கள் நெருக்கியடித்து நிற்கும் காட்சிகள் கைப்பேசிக் காணொளிகளாகப் பரவத் தொடங்கியதும் இதே காலகட்டத்தில்தான்.

ஏழைகளுக்கான ரயில் என்ற எண்ணம் புதிதன்று. 2006-இல் லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது சஹர்சா–அமிர்தசரஸ் தடத்தில் தொடங்கிய கரீப் ரத், ஏசி பயணத்தைக் குறைந்த கட்டணத்தில் தர முயன்றது. ஒரு பெட்டியில் கூடுதல் படுக்கைகளைத் திணித்தும், போர்வைக்கும் தலையணைக்கும் தனிக் கட்டணம் வைத்தும் அது கணக்கைச் சரிக்கட்டப் பார்த்தது. பக்கவாட்டில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு படுக்கைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைச் செருகிய அந்த ஏற்பாட்டில் பகலில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாமல் போனதால், பின்னர் அது கைவிடப்பட்டது. 2017-இல் வந்த அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் நேர் எதிரான வழியில் சென்றது: முன்பதிவே கிடையாது, எல்லாமே பொதுப் பெட்டிகள். தாம்பரம்–நாகர்கோவில் அந்த்யோதயாவில் ஏறிப் பழகியவர்களுக்கு அதன் நன்மையும் சங்கடமும் தெரியும். எப்படியும் ஏறிவிடலாம், ஆனால் இரவெல்லாம் உட்கார்ந்தே போக வேண்டும். அம்ரித் பாரத் இந்த இரண்டுக்கும் நடுவே வருகிறது. ஏசியைக் குறைந்த விலைக்குத் தர அது முயலவில்லை; படுக்கையை முற்றாகக் கைவிடவும் இல்லை.

இரு முனையிலும் எஞ்சின்

வந்தே பாரத் ரயிலுக்குத் தனி எஞ்சின் கிடையாது. பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள் பொருத்தப்பட்டிருப்பதால் அது விரைவாக வேகமெடுக்கிறது, விரைவாக நிற்கிறது. அதன் விலை உயர்வாக இருப்பதற்கும் முக்கியக் காரணம் அதுவே. அம்ரித் பாரத்தை வடிவமைத்தவர்கள் முன்னிருந்த சிக்கல், அந்த வேகமெடுப்பில் ஒரு பகுதியையாவது சாதாரணப் பெட்டிகளைக் கொண்டே அடைவது எப்படி என்பதாகும். விடையாக அவர்கள் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1990-களின் நடுப்பகுதியில் ஏபிபி நிறுவனத்திடமிருந்து இறக்குமதியாகி, பின்னர் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலையிலேயே உற்பத்தி செய்யப்பட்டு வந்த டபிள்யூஏபி-5 மின்சார எஞ்சின் ஏற்கெனவே இருந்தது. அதன் முகப்பைக் காற்றைக் கிழிக்கும் வகையில் சரிவாக மாற்றி, ரயிலின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டைப் பொருத்தினார்கள். முன் எஞ்சினில் அமர்ந்திருக்கும் லோகோ பைலட் ஒருவரே, பெட்டிகளின் ஊடாக ஓடும் கேபிள் வழியே பின் எஞ்சினையும் இயக்குகிறார். ஒன்று இழுக்க, மற்றொன்று தள்ளுகிறது.

இந்த முறையும் அதற்கு முன்பே களத்தில் சோதிக்கப்பட்டதுதான். 2019-இல் தொடங்கிய மும்பை சிஎஸ்எம்டி–ஹஸ்ரத் நிஜாமுதீன் ராஜதானி, கசாராவுக்கும் இகத்புரிக்கும் இடையிலான செங்குத்தான மலைப்பாதையில் ஏற வேண்டும். வழக்கமான ரயில்களுக்கு அங்கே பின்னாலிருந்து தள்ளத் தனி எஞ்சின்களை இணைத்து, மேலே போனதும் கழற்றுவார்கள். ராஜதானியில் இரு முனையிலும் எஞ்சின் வைத்ததால் அந்த இணைப்பும் கழற்றலும் தேவைப்படவில்லை. ஒரு உயர்வகை ரயிலில் பலன் தந்த ஏற்பாட்டை ஏசி இல்லாத ரயிலுக்குக் கொண்டுவந்ததே இங்கே உண்மையான துணிவு என்று சொல்லலாம், ஏனெனில் நம் நாட்டில் தொழில்நுட்பம் பெரும்பாலும் மேல் வகுப்பிலிருந்து கீழே இறங்கி வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இதன் பலனைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுந்தொலைவு ரயிலின் நேரம் உச்ச வேகத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. அம்ரித் பாரத்தின் உச்ச வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் என்றாலும், அந்த வேகத்தில் போக அனுமதியுள்ள தண்டவாளம் வழியெங்கும் கிடையாது. நிலையத்தில் நின்று கிளம்பும்போதும், பாலத்திலும் வளைவிலும் வேகத்தைக் குறைத்து மீண்டும் எடுக்கும்போதும், சிக்னலுக்காக ஊர்ந்து பிறகு ஓடும்போதும்தான் நிமிடங்கள் கரைகின்றன. 22 பெட்டிகள் கொண்ட கனமான ரயிலை ஒரே எஞ்சின் இழுக்கையில் மொத்த எடையும் முதல் இணைப்பின்மேல் விழுகிறது. இரண்டு எஞ்சின்கள் பகிர்ந்துகொள்ளும்போது ரயில் விரைவாக வேகம் பிடிக்கிறது, இணைப்புகளின் மீதான அழுத்தமும் குறைகிறது. கடைசி நிலையத்திலும், திசை மாறும் சந்திப்புகளிலும் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகும் வேலையும் மிச்சம்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கியில் செய்த மாற்றம் அளவில் சிறியதாயினும் பயணியின் உடம்பு அதை உடனே உணரும். எல்எச்பி எனப்படும் ஜெர்மானிய வடிவமைப்புப் பெட்டிகள் கொண்ட ரயில்களில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு குலுக்கல் தொடர்ச்சியாகப் பெட்டிக்குப் பெட்டி பாய்வதை அனைவரும் அறிவர். மேல் படுக்கையில் தூங்குபவர் விழித்துக்கொள்வதும் தேநீர் தளும்புவதும் அதனால்தான். இணைப்பில் இருக்கும் சிறு இடைவெளியே அதற்குக் காரணம். முதல் அம்ரித் பாரத் ரயில்களில் பெட்டிகள் அரை நிரந்தர இணைப்பால் இறுக்கிப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த இடைவெளியும் குலுக்கலும் பெருமளவு போய்விட்டன. பெட்டிகளுக்கு நடுவே உள்ள நடைபாதையும் தூசி, மழை புகாதபடி மூடப்பட்டுள்ளது. ஆனால் இந்த இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. பொங்கல், பீகார் மக்களின் சத் பூஜை போன்ற நாட்களில் இரண்டு பெட்டிகளைக் கூடுதலாகச் சேர்ப்பதும், பழுதான ஒரு பெட்டியை வழியில் கழற்றிவிட்டு ரயிலைத் தொடர்ந்து ஓட்டுவதும் இந்திய ரயில்வேயின் அன்றாடப் பழக்கம். அம்ரித் பாரத்தில் அவை எளிதில் நடவாது. ஒரு பெட்டியில் பெரிய கோளாறு என்றால் பெட்டித் தொடர் முழுவதும் முடங்க நேரிடும். கூட்டம் எப்போது வழியும் என்பதே கணிக்க முடியாத ஒரு தடத்துக்கு, நீட்டவும் சுருக்கவும் இயலாத ரயிலைத் தேர்ந்தெடுத்தது இந்த வடிவமைப்பின் பலவீனமான இடம்.

பெட்டிக்குள்

முதல் இரண்டு ரயில்களிலும் 12 படுக்கை வகுப்புப் பெட்டிகள், 8 முன்பதிவில்லாப் பொதுப் பெட்டிகள், இரு முனைகளிலும் சரக்கும் ரயில் மேலாளருக்கான அறையும் கொண்ட 2 பெட்டிகள் என 22 இருந்தன. படுக்கை வகுப்பில் ஒரு பெட்டிக்கு 80, பொதுப் பெட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால் 960-உம் 800-உம் சேர்ந்து 1,760 இடங்கள். முனைப் பெட்டிகளின் இருக்கைகளையும் கூட்டினால் ஏறத்தாழ 1,800. சாதாரணமான ஒரு எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டிகள் பாதியை எடுத்துக்கொள்ள, முன்னும் பின்னுமாக இரண்டு, நான்கு பொதுப் பெட்டிகளே இருக்கும் நிலையில், இங்கே எட்டு. டிக்கெட் விலை கூடியபோதும் இந்த ரயிலுக்குப் பயணி நன்றி சொல்ல ஏதாவது காரணம் உண்டென்றால் அது இந்த எண்தான்.

மடிக்கக்கூடிய சிறு மேசை, கைப்பேசியைச் செருகி வைக்கும் தாங்கியுடன் சார்ஜர் முனை, தண்ணீர் பாட்டில் வைக்க வளையம், இருட்டில் ஒளிரும் தரைப்பட்டை, கழிவறையிலும் மின்பெட்டிகளிலும் தானே இயங்கும் தீயணைப்பு ஏற்பாடு ஆகியன உள்ளே செய்யப்பட்டுள்ளன. இவற்றுள் கவனத்துக்குரியது, சாமான் வைக்கும் தட்டுக்குக் கொடுத்திருக்கும் மெத்தை. அந்தத் தட்டு மூட்டைகளுக்கானது என்பது விதி. கூட்டம் நெரியும் பொதுப் பெட்டியில் அங்கே மனிதர்கள் ஏறி மணிக்கணக்கில் உட்கார்ந்தும், முழங்காலை மடக்கிப் படுத்தும் வருவது நடைமுறை. சூட்கேஸோ மூட்டையோ மெத்தை கேட்பதில்லை. மெத்தை தைத்தவர்கள் யாரை மனத்தில் வைத்துத் தைத்தார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்; நூறு பேர் பெட்டியில் நூறு பேர் மட்டுமே வரப்போவதில்லை என்பதை வடிவமைப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

முதல் வடிவத்தில் ஒரு பெரிய விடுபாடு இருந்தது. இரண்டு இரவுகளைத் தொடும் மால்டா–பெங்களூரு பயணத்துக்குச் சமையல் பெட்டி கிடையாது. நிலைய நடைமேடையில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்பது ரயில் குறித்த நேரத்துக்கு ஓடினால் மட்டுமே எடுபடும் வாதம். 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஐசிஎஃப்-இல் பார்வையிட்ட இரண்டாம் வடிவத்தில் இது திருத்தப்பட்டது. அதில் 11 பொதுப் பெட்டிகள், 8 படுக்கை வகுப்புப் பெட்டிகள், ஒரு சமையல் பெட்டி, 2 முனைப் பெட்டிகள். மொத்த இட எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்க, படுக்கை வகுப்பிலிருந்து நான்கு பெட்டிகள் குறைந்து பொது வகுப்பில் மூன்று கூடின. கூட்டம் எங்கே அழுத்துகிறது என்பதை முதல் ஓராண்டு இயக்கத்திலேயே ரயில்வே படித்துக்கொண்டது என்று இதைக் கொள்ளலாம். அல்லது, முன்பதிவு செய்து படுத்துச் செல்ல விரும்புகிறவரை மெல்ல ஏசி பக்கம் தள்ளும் பழைய போக்கின் தொடர்ச்சி என்றும் வாசிக்கலாம். இரண்டுக்கும் இடமிருக்கிறது.

கட்டணத்தின் தருக்கம்

குறைந்த செலவு ரயில் என்றதும் உலகில் பலருக்கு நினைவுக்கு வருவது பிரான்சின் ஊய்கோ. 2013 ஏப்ரலில் அந்நாட்டு அரசு ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃப் தொடங்கிய அந்தச் சேவை, அதிவேக டிஜிவி ரயிலையே எடுத்துக்கொண்டு முதல் வகுப்பையும் சிற்றுண்டிப் பெட்டியையும் அகற்றி இருக்கைகளை நெருக்கமாக அடுக்கியது. டிக்கெட்டை இணையத்தில் மட்டும் விற்றது. பாரிஸ் நகருக்குள் வராமல் புறநகரான மார்ன்-லா-வாலேயிலிருந்து புறப்பட்டது. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழித்து மிச்சமானதைக் கொண்டு 10 யூரோவிலிருந்து டிக்கெட் விற்க முடிந்தது. அங்கே பயணி வசதியை விட்டுக்கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துகிறார்.

இந்தியாவில் அந்தப் பேரத்துக்கே இடமில்லை, ஏனெனில் ஏசி இல்லாத வகுப்பில் கழிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. கட்டணமும் ஏற்கெனவே அடக்க விலைக்குக் கீழே இருக்கிறது. எனவே அம்ரித் பாரத் எதிர்த்திசையில் போயிற்று. சில வசதிகளைச் சேர்த்து, அதற்காகக் கட்டணத்தை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உயர்த்தியது. இழப்பைச் சற்றேனும் குறைத்தால்தான் இப்படிப்பட்ட ரயில்களை மேலும் கட்ட ஊக்கம் பிறக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் இந்த ரயிலின் பயணி யார் என்பதை மறக்கலாகாது. 2,000 கிலோமீட்டர் தாண்டிக் கட்டட வேலைக்குப் போகும் ஒருவருக்குக் கூடுதலாகும் தொகை ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. சார்ஜர் முனை வேண்டாம், பழைய கட்டணமே போதும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, அதே தடத்தில் பழைய எக்ஸ்பிரஸும் போதிய பொதுப் பெட்டிகளோடு ஓடினால் மட்டுமே அவருக்கு உண்டு.

2026 ஜனவரியில் வந்த புதிய அம்ரித் பாரத் ரயில்களுக்கு ரயில்வே வாரியம் வகுத்த விதிகள் இந்தப் போக்கை இன்னும் தெளிவாக்குகின்றன. படுக்கை வகுப்பில் எவ்வளவு குறைவான தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்கான கட்டணம் வாங்கப்படும். ஒரு படுக்கையை இரண்டு பேருக்கு உட்காரக் கொடுக்கும் ஆர்ஏசி முறை கிடையாது. குறுந்தொலைவுக்காரர் படுக்கையைப் பிடித்துக்கொண்டு நெடுந்தொலைவுக்காரரை வெளியே நிறுத்துவதை முதல் விதி தடுக்கும். அது சரியான முடிவே. ஆர்ஏசி ஒழிப்பு அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியதன்று. பக்கவாட்டுப் படுக்கையில் இரண்டு பேர் கால் நீட்ட முடியாமல் இரவைக் கழிக்கும் அவஸ்தை ஒழிகிறது. ஆனால் அந்த அரைப் படுக்கையாவது கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தவர், இனி காத்திருப்போர் பட்டியலிலேயே நின்று, கடைசியில் பொதுப் பெட்டிக்குத்தான் வருவார்.

ஜோக்பனி–ஈரோடு

தமிழ்நாட்டுக்கு இந்த ரயில் வந்த விதம், அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 2025 செப்டம்பர் 15 அன்று பீகாரின் பூர்ணியாவில் நடந்த விழாவில் ஜோக்பனி–ஈரோடு அம்ரித் பாரத் தொடங்கிவைக்கப்பட்டது. ஜோக்பனி, அராரியா மாவட்டத்தில் நேபாள எல்லையை ஒட்டிய சிறிய ஊர். அங்கிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருக்கும் ஈரோட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆன்மிகத் தலமோ சுற்றுலாவோ காரணமாக இருக்க முடியாது. ஈரோட்டின் விசைத்தறிக் கூடங்களும், பக்கத்திலுள்ள திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலைகளும், கொங்கு வட்டாரத்தின் கட்டடப் பணிகளும் கோசி ஆற்றங்கரை மாவட்டங்களின் உழைப்பைப் பெருமளவில் நம்பியிருக்கின்றன. இதுநாள் வரை அந்தத் தொழிலாளர்கள் சென்னையிலோ வேறு சந்திப்பிலோ இறங்கி, மூட்டைகளோடு அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து வந்துகொண்டிருந்தார்கள். முதல் இரண்டு ரயில்களின் தடங்களையும் இத்துடன் சேர்த்துப் பார்த்தால், அம்ரித் பாரத்தின் வரைபடம் புலம்பெயர் தொழிலாளர்களின் வரைபடமாகவே அமைந்திருக்கிறது. இதன் பின்னே தேர்தல் கணக்கும் உண்டு என்பதைப் பீகாரில் நடந்த தொடக்க விழாக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பவர் மறுக்க மாட்டார். ஆயினும் அரசியல் காரணத்துக்காகப் போடப்பட்ட ரயிலும் சரியான ஊரிலிருந்து சரியான ஊருக்கு ஓடக்கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை பெரிய எதிர்பார்ப்பு வைக்க வேண்டியதில்லை. இத்தடத்தில் ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடுவதில்லை. இரண்டு எஞ்சின்கள் மிச்சப்படுத்தித் தரும் நிமிடங்களை, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் நெரிசலான தடங்களில் முன்னுரிமை ரயில்களுக்கு வழிவிட்டு நிற்கும் நேரம் விழுங்கிவிட வாய்ப்புண்டு. மே மாதத்தில், மகாராஷ்டிரத்தின் விதர்ப்ப வெயிலில் ஏசி இல்லாத பெட்டி எப்படி இருக்கும் என்பதற்கு இந்த வடிவமைப்பில் விடை எதுவும் இல்லை. மின்விசிறியும் திறந்த சன்னலும்தான்.

இவை அனைத்தையும்விடப் பெரிய குறை எண்ணிக்கையில் இருக்கிறது. மால்டா–பெங்களூருவைப் போலவே ஜோக்பனி–ஈரோடு ரயிலும் வாரம் ஒரு முறைதான். போகவும் வரவும் ஐந்து நாட்களுக்கு மேல் ஓடி, பிட் லைன் எனப்படும் பராமரிப்புத் தடத்தில் பராமரிப்பும் முடித்து, அடுத்த நடைக்குத் தயாராவதற்குள் ஒரு வாரம் ஆகிவிடுவதால், ஒரு பெட்டித் தொடரைக் கொண்டு இதற்கு மேல் இயக்க முடியாது. இதே ரயிலை நாள்தோறும் ஓட்ட வேண்டுமானால் ஏறத்தாழ ஏழு தொடர்கள் தேவைப்படும். இரண்டு ஆண்டுகளில் 50 அம்ரித் பாரத் ரயில்கள் கட்டப்படும் என்று 2025-இல் ஐசிஎஃப்-இல் அமைச்சர் அறிவித்தார். அந்த 50-ஐயும் இவ்வளவு நீண்ட தடங்களுக்கே கொடுத்தாலும் ஏழு ஊர்களுக்குத்தான் தினசரி ரயில் விட முடியும். இப்போதைய வழக்கப்படி பரவலாகப் பிரித்துக் கொடுத்தால், பல தடங்களில் சனிக்கிழமை கூலி வாங்கிய தொழிலாளி அடுத்த அம்ரித் பாரத்துக்கு வியாழன், வெள்ளி வரை காத்திருக்க வேண்டும், அல்லது பழைய எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் ஏறிக்கொள்ள வேண்டும்.